பயாப்சி முடிவு கைக்கு வந்த பிறகு: புற்றுநோயாளியின் மனத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவர் பதினைந்து நிமிடங்கள் பேசினார். எனக்கு நினைவில் நின்றது முதல் அரை நிமிடம் மட்டும்தான். மீதி நேரம் முழுவதும், காலையில் ஊறப்போட்டுவிட்டு வந்த இட்லி அரிசியை யார் அரைப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா அழுதாள். நான் அழவில்லை. "எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் பாருங்கள்" என்று அன்றைக்கே எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே அடுத்த நான்கு மாதங்கள் போயின.

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். ஊர் கும்பகோணம் பக்கம், சிகிச்சை சென்னையில். ஒவ்வொரு பயணத்திலும் மடியில் ஒரு ஃபைல் இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துச் சீட்டு, பில் என்று அது தடித்துக்கொண்டே போனது. மூன்று வாரங்களாக நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த விடுபட்ட பக்கத்தை நிரப்புவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியை. பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் சரிபார்த்துக்கொண்டதையும் சொல்கிறேன். மாத்திரை பற்றிய எந்த முடிவையும் உங்கள் மருத்துவரோடு சேர்ந்தே எடுங்கள்.

படி 1: முதல் வாரத்தைக் கடப்பது

முதல் சில நாட்கள் மனம் மரத்துப்போகலாம். சாம்பிள் மாறிப்போயிருக்கும், இது வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று தோன்றலாம். பசிக்காது. சிலருக்குக் கோபம் வரும், சிலர் விழுந்து விழுந்து வீட்டைத் துடைப்பார்கள். இது அதிர்ச்சி. என்ன சிகிச்சை, எப்போது தொடக்கம் என்று தெளிவானதும் பெரும்பாலோருக்கு இரண்டொரு வாரங்களில் தணியத் தொடங்கும்.

இந்த வாரத்தில் நோயாளி தனியாக இருக்கக் கூடாது. சுவீடனில் 60 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012ல் வெளியானது. நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரத்தில்தான் தற்கொலை அபாயமும் இதய நோயால் இறக்கும் அபாயமும் மிகக் கூடுதலாக இருக்கின்றன, நாளாக ஆகக் குறைகின்றன என்று அது காட்டியது. அப்படி நேர்வது மிகச் சிலருக்குத்தான். ஆனாலும் வீட்டார் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து அறையில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, மீந்துபோன தூக்க மாத்திரை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெரிய முடிவுகளை இந்த வாரம் எடுக்காதீர்கள். நிலத்தை விற்பது, வேலையை ராஜினாமா செய்வது, "நான் இருக்கும்போதே முடித்துவிடலாம்" என்று மகளின் கல்யாணத்தை அவசரமாக நிச்சயிப்பது எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். சிகிச்சை தொடங்குவதுகூடப் பல புற்றுநோய்களில் அன்றைக்கே நடந்தாக வேண்டிய காரியம் இல்லை. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது என்பதும் உண்மை. அதனால் ஊகிக்காமல் மருத்துவரிடமே கேளுங்கள்: "முடிவெடுக்க எங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?" பதில் எதுவானாலும், அவகாசத்தின் அளவு தெரிந்தாலே நெஞ்சுப் படபடப்பு பாதி குறையும்.

மற்றபடி, கஞ்சியாவது குடியுங்கள். குளியுங்கள். அந்த வாரத்துக்கு அது போதும்.

படி 2: மனத்துக்கும் ஒரு தெர்மாமீட்டர்

காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்று சொல்கிறோம். மனம் என்றால் மட்டும் "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதோடு நின்றுவிடுகிறோம். மருத்துவருக்கும் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரிவதில்லை.

இதற்கு ஒரு கருவி உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977 முதல் மனநலப் பிரிவை நடத்திய ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர்தான் புற்றுநோயாளிகளின் மனநலத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். மனச்சோர்வா, பதற்றமா என்று கேட்டால் நோயாளிகள் கூச்சப்பட்டு "இல்லை" என்கிறார்கள் என்பதால், "உங்கள் மன வேதனை 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்று தெர்மாமீட்டர் படம் போட்ட காகிதத்தைக் கொடுத்துக் கேட்கும் முறை வந்தது. 0 என்றால் வேதனை இல்லை. 10 என்றால் தாங்க முடியவில்லை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

நீங்களே இதைச் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் இரவில் மூன்று மட்டும் எழுதுங்கள்: வேதனை எத்தனை, தூங்கியது எத்தனை மணி நேரம், இன்று அதிகம் குடைந்தது எது. கடைசிக் கேள்விதான் முக்கியம். என் நோட்டைப் பிறகு புரட்டியபோது, சாவைப் பற்றி எழுதிய நாட்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. தங்கும் அறை வாடகை, ஊசி குத்த நரம்பு கிடைக்காதது, மகனின் பிளஸ் டூ தேர்வு ஆகியவையே மாறி மாறி வந்தன. இவற்றுக்கெல்லாம் ஏதாவது வழி உண்டு. மொத்தமாகச் சுருட்டி "கேன்சர் பயம்" என்று வைத்திருந்தவரை ஒன்றுக்கும் வழி தெரியவில்லை.

அந்த நோட்டை ஃபைலிலேயே வையுங்கள். மருத்துவரின் மேசையில் ஃபைல் திறக்கப்படும்போது அதுவும் திறக்கப்படட்டும்.

படி 3: மருத்துவரிடம் கேட்கும் முறை

அதிர்ச்சியில் இருக்கும் காது பாதியைத்தான் கேட்கும். அதனால் கூட ஒருவர் வர வேண்டும், அவர் அழாதவராக இருந்தால் நல்லது. (என் அக்காவை இரண்டாம் முறை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தங்கை மகனை அழைத்துப் போனேன். அக்காவுக்குக் கோபம், ஆனால் குறிப்புகள் கிடைத்தன.) கேள்விகளை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு மருத்துவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கூட்டமுள்ள ஓ.பி.யில் மூன்று கேள்விக்குத்தான் நேரம் இருக்கும். ஆகவே முக்கியமானதை முதலில் கேளுங்கள்: சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா? அடுத்த இரண்டு மாதங்கள் எப்படி இருக்கும்? இரவில் பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது?

எத்தனை விழுக்காடு பிழைப்பார்கள் என்ற கணக்கைத் தெரிந்துகொள்வதும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். "இப்போது வேண்டாம், நானே கேட்கும்போது சொல்லுங்கள்" என்று சொல்லலாம். இணையத்தில் தேடினால் எல்லா நிலைகளும் எல்லா வயதும் கலந்த சராசரிகள்தான் வரும். அவை பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு, உங்கள் தனி ஜாதகம் ஆகாது.

வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு ஒரே விதி வைத்துக்கொண்டேன். முள்சீத்தா இலை, சமையல் சோடா, கருஞ்சீரகம் என்று யார் அனுப்பினாலும் "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் அனுப்பிவிடுவேன். சண்டையும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. சில மூலிகைகள் கீமோ எனும் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும், ஈரலையும் பாதிக்கும் என்பதால் உண்மையிலேயே கேட்கத்தான் வேண்டும்.

படி 4: யாருக்கு, எவ்வளவு சொல்வது

நம் வீடுகளில் மனம் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

முதல் காட்சி எல்லா மருத்துவமனைகளிலும் ஒன்றே. மகன் முன்னால் ஓடி வந்து மருத்துவரிடம் கிசுகிசுப்பார்: "அப்பாவுக்குத் தெரியக் கூடாது சார், தாங்க மாட்டார்." அப்பாவுக்கோ, ஊரிலிருந்து தம்பி திடீரென்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்ற அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தது தெரிந்தால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் நடிக்கிறார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் நாடகம் போட, யாருக்கும் அழுவதற்கு ஓர் ஆள் இல்லாமல் போகிறது. மறைப்பதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டுப் பத்திரத்தை யார் பெயருக்கு மாற்றுவது, எந்தக் கோயிலுக்கு ஒருமுறை போய் வருவது, இந்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை அந்த அன்பு அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

வழி என்ன? எடுத்தவுடன் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அவரிடமே கேளுங்கள்: "உங்களுக்கு என்னவென்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? டாக்டர் சொன்னதையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, எங்களிடம் விட்டுவிடுகிறீர்களா?" சிலர் விவரம் கேட்பார்கள். சிலர் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். இரண்டும் சரி. தீர்மானித்தது அவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஊரார். குடும்பத்தில் ஒருவரைப் பேச்சாளராக நியமியுங்கள். கீமோ முடிந்து வாந்தியோடு படுத்திருக்கும்போது முப்பது பேருக்குத் தனித்தனியாக நிலவரம் சொல்வது தண்டனை. எங்கள் வீட்டில் அண்ணி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை குடும்பக் குழுவில் நான்கு வரி போடுவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் மட்டும் என்று சொல்லி வைத்தார். "எங்கள் மாமாவுக்கும் இதேதான், மூன்றே மாதம்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு உடனே காபி கொடுத்துக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடும் திறமையும் அவருக்கு இருந்தது.

மூன்றாவது, தட்டும் டம்ளரும். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், பக்கத்தில் படுப்பதாலும், பேரக் குழந்தையைத் தூக்குவதாலும் பரவாது. இது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்த ஓர் உறவினரை நான் இன்றுவரை மறக்கவில்லை. கீமோவின்போது எதிர்ப்புச் சக்தி குறைவதால் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நோயாளியிடம் வராமல் இருக்க வேண்டும் என்பது சரி. அது நோயாளியைக் காப்பதற்கான விலகல். "உன்னால் எங்களுக்கு வந்துவிடும்" என்ற விலகல் வேறு.

குழந்தைகளிடம் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், தான் அடம் பிடித்ததால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆறு வயதுக் குழந்தை முடிவு கட்டிக்கொள்ளும். அதற்குத் தெரிய வேண்டியவை மூன்று: இது உன்னால் வந்ததில்லை, இது உனக்கு ஒட்டாது, நான் மருத்துவமனையில் இருக்கும்போது உன்னைப் பள்ளிக்கு அழைத்துப் போவது இன்னார். நோயின் பெயரையும் சொல்லிவிடுங்கள். எப்படியும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிவிடும்.

பெயரைச் சொல்லத் தயங்கும் பழக்கம் பழையது. நோயை எதிர்த்து நின்றவர்களின் கதையும் பழையதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் எடுத்த முடிவு நிறைவேறி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்க 1954 வரை ஆனது. தொடங்கியபோது 12 படுக்கைகள். இன்று அந்த மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

படி 5: "தைரியமாக இரு" என்பதை என்ன செய்வது

சொல்கிறவர்கள் நல்லவர்கள். ஆனால் அதன் மறுபக்கம் கொடுமையானது: நோய் முற்றினால் நீ தைரியமாக இல்லாததுதான் காரணம்! பயத்தோடு சேர்த்துக் குற்ற உணர்வையும் நோயாளி சுமக்க வேண்டியிருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில், மனநிலை நன்றாக இருந்ததற்கும் உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. நான் அழுதால் கட்டி வளராது!

பிறகு எதற்கு மனத்தைக் கவனிக்க வேண்டும்? இருக்கிற நாட்கள் நன்றாக இருப்பதற்கு. மேலும், மனம் சோர்ந்தவர்கள் மாத்திரையைத் தவறவிடுவார்கள், அடுத்த தவணைக்கு வராமல் நின்றுவிடுவார்கள். அந்த வழியாக மனம் உடலைத் தொடத்தான் செய்கிறது.

"போன ஜென்மத்துப் பாவம்" என்பவர்களிடம் விவாதிக்க வேண்டாம். புகையிலை போட்டதால் வாயில் வந்தவருக்கு வரும் குற்ற உணர்வு இன்னும் கூர்மையானது, அதில் உண்மையும் கலந்திருக்கிறது. அவரிடம் பழங்கதை பேசாமல், இப்போது விட்டால்கூட சிகிச்சை நன்றாக வேலை செய்யும், காயம் சீக்கிரம் ஆறும் என்ற விஷயத்தைச் சொல்லலாம்.

படி 6: அன்றாடம் செய்யக்கூடியவை

தூக்கத்தில் தொடங்குங்கள். கீமோ நாட்களில் வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தருவது வழக்கம். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் தரும். கீமோ முடிந்த இரவில் கண் மூடாமல் கிடந்து, கணவர் மேல் காரணமில்லாமல் பாய்ந்து, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன். நான்காவது முறைதான் ஒரு செவிலியர் சொன்னார், அது மாத்திரையின் வேலை என்று. முடிந்தால் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்காதீர்கள். இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள்.

நடை. கீமோவின் அசதி, ஓய்வெடுத்தால் தீராத விசித்திரமான அசதி. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தால் அசதி, பதற்றம், சோர்வு மூன்றும் குறைகின்றன என்று புற்றுநோய் உடற்பயிற்சி வல்லுநர்களின் பரிந்துரைகள் சொல்கின்றன. முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. ரத்த அணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ, எலும்பில் நோய் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டு நடங்கள்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். மாலை ஐந்தரை முதல் 20 நிமிடம் கவலை நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி, "ஐந்தரைக்கு வா" என்று அனுப்பிவிடுவேன். ஐந்தரைக்கு உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பேன். ஏதாவது செய்யக்கூடியது என்றால் யார் எப்போது செய்வது என்று எழுதுவேன். ஒன்றும் செய்ய முடியாதது என்றால் கொஞ்சம் அழுவேன். படுக்கும் நேரத்துக்கு அருகில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி குத்தும்போது, ஸ்கேன் குழாய்க்குள் கிடக்கும்போது: மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். எண்ணுவதற்குப் பதிலாக மனத்துக்குள் கந்த சஷ்டி கவசம் சொல்பவர்களையும், தஸ்பீஹ் மணி உருட்டுபவர்களையும், ஜெபமாலை சொல்பவர்களையும் பக்கத்துப் படுக்கைகளில் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் மூச்சு சீராகத்தான் வந்தது.

படி 7: வருத்தம் நோயாக மாறும்போது

வருத்தத்தில் அலை உண்டு. அழுகிறோம், பிறகு பேரனின் குறும்புக்குச் சிரிக்கிறோம். மனச்சோர்வு நோயில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? முன்பு பிடித்த எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போய்விட்டதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. பசியின்மையும் அசதியும் கீமோவாலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தான் பாரம், தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் வருகிறதா என்பது தெளிவான அடையாளம்.

மனத்தைக் குற்றம் சொல்லும் முன் உடலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவு, கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு, தீராத வலி எல்லாம் சோர்வாக வேடம் போடும். வலியைப் பற்றி ஒரு வார்த்தை: வலியோடு இருப்பவரிடம் மனநலம் பேசுவது வீண், முதலில் வலி அடங்க வேண்டும். நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) மருத்துவப் பிரிவு கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள், எந்தக் கட்டத்திலும் அங்கே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காகத் தரப்படும் மார்ஃபின் மாத்திரையைப் போதைப்பொருள் என்று பயந்து மறுக்கவும் வேண்டாம்.

மனநல மருத்துவர் தரும் மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாக, ஆகும். "நான்கு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துவதுதான் பொதுவான தவறு. இவை பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் வேறு வகை. அவை உடனே வேலை செய்யும், பழகியும்விடும் என்பதால் மருத்துவர் சொன்ன குறுகிய காலத்துக்கு மட்டும்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள், உடலுக்குள் தமாக்சிஃபென் முழுமையாக வேலை செய்யும் வடிவத்தை அடைவதைத் தடுக்கின்றன. மாற்று மாத்திரைகள் உண்டு. ஃபைலை இரண்டு மருத்துவர்களும் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது? முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவமனையிலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். வெளியே போக முடியாத நாளில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு சேவை அது. கட்டணம் இல்லை, நாள் முழுவதும் உண்டு, தமிழில் பேசலாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அதிலும் எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416க்கு அழையுங்கள் அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டாருக்கு: "உனக்கு அப்படி எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கும்.

படி 8: பணக் கவலை

இதுவும் மனநலம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காப்பீட்டு அட்டையை முதல் வாரமே தேடி எடுத்து ஃபைலில் வையுங்கள். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ ரயிலில் போகும் புற்றுநோயாளிகளுக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடியாடும் வேலையைப் படித்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, நோயாளி அதில் தலையிடாமல் இருப்பது மேல்.

படி 9: கண்ணாடியும் கட்டிலும்

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில், சில மருந்துகளுக்கு, முடி கொட்டத் தொடங்கும். கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட முன்பே மழித்துக்கொள்வது எளிது. நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. மொட்டைத் தலையோடு பெண் பஸ்ஸில் ஏறினால் "திருப்பதியா, பழனியா?" என்றுதான் கேட்பார்கள். நான் ஆள் பார்த்து "பழனி" என்பேன், விஷயம் முடிந்துவிடும். சிகிச்சைக்குப் பின் முடி மெல்லத் திரும்பி வந்தது, எனக்குச் சுருட்டையாக.

மார்பகமோ குரலோ போனவர்களுக்கும், மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களுக்கும் இழப்பு நிரந்தரம். அதற்குத் துக்கம் கொண்டாட உரிமை உண்டு. முதல் முறை கண்ணாடி பார்க்கும்போது கூட யார் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். கணவன் மனைவி உறவு பற்றி மருத்துவர்கள் தாமாகப் பேசுவது குறைவு, ஆகவே நீங்கள் கேளுங்கள். வறட்சிக்கும் வலிக்கும் விறைப்பின்மைக்கும் சிகிச்சைகள் உண்டு. இனிமேல் குழந்தை பெற விரும்பும் இளம் வயதினர், விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமிப்பது பற்றிக் கீமோ தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் வாய்ப்பு நழுவியிருக்கலாம்.

படி 10: பார்த்துக்கொள்பவரின் பக்கம்

மருத்துவமனை வராந்தாவில் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பவரிடம் "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. படி 2ல் சொன்ன எண்ணை அவரும் எழுத வேண்டும். வாரத்தில் அரை நாள் வேறு ஒருவர் மாற்றிக்கொள்ளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவர்களிடம் நாள் குறித்து வேலை கொடுங்கள்: "வியாழக்கிழமை மதியச் சாப்பாடு." என் கணவருக்குச் சர்க்கரை 300ஐத் தொட்டது என் ஐந்தாவது கீமோவின்போதுதான் தெரிந்தது. அதுவரை அவர் மாத்திரை போட்டாரா என்று நானும் கேட்கவில்லை.

படி 11: சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கதிர்வீச்சு முடிந்த அன்று வீட்டில் கேசரி செய்தார்கள். எனக்கோ அழுகையாக வந்தது. எட்டு மாதங்கள் தினமும் யாரோ ஒருவர் என்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள், இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். காவலுக்கு ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது உடம்பு. மற்றவர்களுக்கு நோய் முடிந்துவிட்டது, எனக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கவே அப்போதுதான் நேரம் கிடைத்தது. மன வேதனை இந்தக் கட்டத்தில் ஏறுவது வழக்கமான ஒன்று. நான் முதன்முதலாக ஓர் ஆலோசகரிடம் போனதும் இந்தக் கட்டத்தில்தான். மறதியும் இருந்தது. கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு நின்றிருக்கிறேன். கீமோவுக்குப் பின் பலருக்கு இப்படி இருக்கும். சில மாதங்களில் பெருமளவு தெளியும், அதுவரை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு முதுகுவலியும் நோய் திரும்பிவிட்டதாகத் தோன்றும். எந்தெந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் நீடிக்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்பது என் மருத்துவர் எனக்குச் சொன்ன அளவுகோல்.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் தனிக் கதை. இப்போதும் நோட்டில் எழுதும் வேதனை எண் 2லிருந்து 6க்கு ஏறும். அதனால் அந்த வாரத்தில் விருந்துக்கு ஒப்புக்கொள்வதில்லை, விடைத்தாள் கட்டுகளை முன்பே திருத்தி முடித்துவிடுவேன், முடிவைக் கைப்பேசியில் தனியாகத் திறந்து படிப்பதில்லை. முடிவு எந்த நாளில் எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன், காத்திருப்புக்கு ஓர் எல்லை தெரிந்தால் மனம் கொஞ்சம் அடங்கும்.

அடுத்த பரிசோதனை ஐப்பசியில். உழவன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்கா இந்த முறை உள்ளே வருவதாக இருக்கிறாள், கைக்குட்டையோடு.